ஐம்பதுகளின் நாற்காலியும் செட்டிநாட்டு வளவும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழஞ்சாமான் கடைகளில் கண்ணைப் பறிப்பவை எப்போதும் கனத்த பொருட்கள்தாம். கஜலட்சுமி செதுக்கிய நிலைக்கட்டை, ஒற்றை மரத்தில் கடைந்த தூண், பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலமாரி, பெரிய பீங்கான் ஜாடி என்று அவை வாசலிலேயே நிற்கும். அவற்றைத் தாண்டி உள்ளே போனால், ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைகீழாய் அடுக்கப்பட்ட சாதாரண மர நாற்காலிகள் தூசி படிந்து கிடக்கும். கால்கள் கீழே போகப்போக மெலிந்தவை, முதுகில் பிரம்பு பின்னியவை, செதுக்கு வேலை என்று விரல்நுனி அளவுகூட இல்லாதவை. சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருபவர்கள் இப்போது இந்தப் பின்வரிசைப் பொருட்களையும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். 'மிட் செஞ்சுரி' (நூற்றாண்டின் நடுப்பகுதி) என்ற பெயர் இங்கேயும் புழங்கத் தொடங்கிவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு முன் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் உருவான ஒரு பாணி, அதற்குச் சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் செட்டிநாட்டில் விலை பேசப்படுவது ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பாணியைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் இத்தாலி, பிரேசில் போன்ற இடங்களிலும் வடிவமைக்கப்பட்ட மரச்சாமான்களுக்கு இன்று பொதுவாக இந்தப் பெயர் வழங்குகிறது. அந்தக் காலத்தில் யாரும் அவற்றை அப்படி அழைக்கவில்லை. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலின் தலைப்பிலிருந்துதான் பெயர் பரவியது. ஆனால் பொருட்கள் அதற்கு வெகுமுன்பே தம் இடத்தைப் பிடித்துவிட்டன. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் வடிவமைத்த வளைந்த பிளைவுட் நாற்காலி 1946-இல் விற்பனைக்கு வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னரின் ஒய் வடிவ முதுகுடைய நாற்காலி 1950-இலும், ஆர்னே யாகோப்சனின் ஏழாம் வரிசை நாற்காலி 1955-இலும், ஈம்ஸ் தம்பதியரின் தோல் மெத்தை வைத்த சாய்வு நாற்காலி 1956-இலும் வந்தன. ஒற்றைத் தண்டில் நிற்கும் ஈரோ சாரினனின் டியூலிப் நாற்காலியும் அதே சமயத்தில் வந்ததுதான். இவை அனைத்தும் இன்றும் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகின்றன. அதே ஆண்டுகளின் கார், வானொலிப்பெட்டி, தட்டச்சுப்பொறி எதையும் இன்று யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு நாற்காலி மட்டும் எழுபது ஆண்டுகள் மாறாமல் நிற்பது சாதாரண விஷயமில்லை என்பது விளங்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. கோடுகள் எளிமையானவை, அதனால் காலத்தால் பழசாகவில்லை என்பது ஒன்று. தாத்தா பாட்டி காலத்து நினைவேக்கமும் தொலைக்காட்சித் தொடர்களின் செல்வாக்கும் சேர்ந்துகொண்டன என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருந்தாலும் இரண்டும் போதா. எளிமையான கோடுகள் கொண்ட பொருட்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றன. பெரும்பாலானவை விறகாகத்தான் போயின. நினைவேக்கம் என்றால், அமெரிக்கப் புறநகர்ப் பாட்டியின் நினைவு தேவகோட்டைப் பேரனுக்கு எப்படி வரும்? எனக்குப் படுகிற காரணம் வேறு. பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குக் குடிபோனவர்களுக்காகச் செய்யப்பட்ட மரச்சாமான் அது. அந்தக் குடிபெயர்ப்பு 1960களில் நின்றுவிடவில்லை. உலகம் முழுவதும் பரவி, கடைசியில் செட்டிநாட்டையும் எட்டியது.

போர் முடிந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்காக 1947 முதல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் கட்டப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்பின் தொடக்க வீடுகள் ஏறத்தாழ 750 சதுர அடிதான். அதில் ஒரு கணவன், மனைவி, குழந்தைகள். வேலைக்காரர் கிடையாது. வேலை மாறினால் ஊர் மாறும். சாமான்களும் கூடவே போகவேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய சோபா பயன்படாது. மலிவாகவும் எடை குறைந்ததாகவும், ஒரே பெண்மணி ஒற்றைக் கையால் நகர்த்திப் பெருக்கிவிட்டுத் திரும்ப வைக்கக்கூடியதாகவும் ஒரு நாற்காலி தேவைப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940-இல் அறிவித்த போட்டியில் ஈம்ஸும் சாரினனும் சேர்ந்து பரிசு வென்ற நாற்காலிகளைத் தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய அப்போது வழி இருக்கவில்லை. போர் அந்த வழியைத் திறந்தது. காயம்பட்ட காலை அசையாமல் கட்டிவைக்க அமெரிக்கக் கடற்படைக்கு ஈம்ஸ் தம்பதியர் 1942 முதல் செய்துகொடுத்த பிளைவுட் அணைப்புகள், போர் முடிவதற்குள் சுமார் 1,50,000 உற்பத்தியாயின. மரத்தாள்களைப் பசைதடவி அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே சமயத்தில் இரு திசைகளில் வளைக்கும் நுட்பம் அந்த வேலையில் கைவந்ததால்தான் 1946-இன் நாற்காலி சாத்தியமாயிற்று.

டென்மார்க்கில் கதை வேறு தடத்தில் சென்று அதே இடத்தில் வந்து சேர்ந்தது. கோபன்ஹேகன் அரச கலைக் கழகத்தில் 1924-இல் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய கோரே கிளிண்ட், மனித உடலையும் வீட்டில் புழங்கும் பொருட்களையும் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு வரையச் சொன்னவர். தட்டு எத்தனை அங்குலம், மடித்த சட்டை எவ்வளவு அகலம் என்று தெரியாமல் அலமாரி வரையக்கூடாது என்பது அவர் பள்ளியின் கட்டளை. அவருடைய மாணவரான போர்கே மோகன்சென், 1942-இல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் மரச்சாமான் வடிவமைப்புக்குப் பொறுப்பேற்று, தொழிலாளர் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் நாற்காலி செய்ய முனைந்தார். 1947-இல் அவர் தந்த, காகிதக் கயிறு பின்னிய இருக்கையுடைய நாற்காலியை டென்மார்க்கில் மக்கள் நாற்காலி என்றே சொல்கிறார்கள். கூட்டுறவுக் கடையில் விற்ற பொருள் பின்னால் சேகரிப்பாளர்களின் பொருளானது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது; அதைப் பற்றிப் பிறகு.

இப்போது செட்டிநாட்டு வீட்டுக்கு வருவோம். தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அந்த வீடுகளில், திண்ணை, முகப்பு, நடுமுற்றத்தைக் கொண்ட வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் கட்டுகள் போகும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஒன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த அறைகள் வசிப்பதற்காக இருந்ததைவிடச் சாமான்களைப் பூட்டிவைப்பதற்காகவே இருந்தன. உட்காருவது திண்ணையிலும் பட்டாலையிலும், படுப்பது பாயில், சாப்பிடுவது தரையில் இலை போட்டு. கணக்கு எழுதுவதுகூட, சம்மணமிட்டு அமர்ந்தவரின் மடியளவு உயரமுள்ள சாய்வுப் பெட்டிமேசையில்தான். உட்காரும் இடத்தைக் கட்டடமே கொடுத்துவிட்டதால் நாற்காலிக்கு அந்த வீட்டில் அன்றாட வேலை என்று எதுவுமில்லை. நவீன வடிவமைப்பாளர்கள் வெகு பாடுபட்டு எட்டிய வெற்றிடமும் வெளிச்சமும் வளவில் இயல்பாகவே இருந்தன என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு எப்படி அத்தனை மரச்சாமான்கள் வந்தன? இரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கொடுக்கல் வாங்கல் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளிலும், பர்மா தேக்கு தடிதடியாகக் கப்பலேறி வந்தது. கூடவே முகப்புக்கான ஐரோப்பியப் பாணி இருக்கைகளும் வந்தன. அவை வந்தவரை வரவேற்கவும், வீட்டின் நிலையைச் சொல்லவும் வைக்கப்பட்டவை. கல்யாணத்தில் சாமான் பரப்புகிற வழக்கமுள்ள சமூகத்தில், பொருள் என்பது பிறர் பார்ப்பதற்கும் உரியது. ஆகவே அளவு பெரிதாக இருந்தது, செதுக்கு நிறைந்திருந்தது, எடை ஒரு குறையாகத் தோன்றவே இல்லை. அந்த நாற்காலி அந்த இடத்தை விட்டு நகரப் போவதில்லை என்பதே அதன் வடிவமைப்பின் அடிப்படை.

ஆனால் அதே வீட்டில் இன்னொரு வகைப் பொருட்களும் இருந்தன, அவற்றை யாரும் புகைப்படம் எடுத்ததில்லை. ஐயா மத்தியானம் சாய்ந்திருந்த ஈஸிச்சேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் நீண்டு போகும் கைப்பலகைகள், காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவு நீளமானவை. இருக்கையும் முதுகும் ஒரே தொடர்ச்சியான வளைவாகப் பிரம்பு பின்னியது. அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால்தான் அதன் நேர்த்தி தெரியும். சட்டத்தைச் சுற்றி அரையங்குல இடைவெளியில் துளைகள். ஒவ்வொரு துளை வழியாகவும் பிரம்புப் பட்டை முதலில் நெடுக்காக, பிறகு குறுக்காக, பிறகு இரு மூலைவாட்டாக ஏறி இறங்கி, எட்டு மூலைக் கண்களாக முடிந்திருக்கும். ஆணி ஒன்றுகூட இல்லாமல் கழுந்தும் துளையும் பொருந்திய மூட்டுகள். கழுந்து நழுவாமல் குறுக்கே அறைந்த மரமுளை வெளியிலேயே தெரியும், ஆசாரி அதை மறைக்க முயன்றிருக்க மாட்டார். பின்னல் தொய்ந்துவிட்டால் அடிப்பக்கத்தில் தண்ணீர் தெளித்து நிழலில் காயவைத்தால் ஓரளவு திரும்ப இறுகும். அறுந்துபோனால் பழையதை வெட்டியெடுத்துவிட்டு அதே துளைகளில் புதிதாகப் பின்னலாம். வியர்வை தங்காது, மெத்தை வேண்டாம், மூட்டைப்பூச்சிக்கு இடம் குறைவு. இந்த மண்ணின் வெயிலுக்குச் செய்யப்பட்ட இந்தப் பொருளில், அமெரிக்காவும் டென்மார்க்கும் ஐம்பதுகளில் விதியாகச் சொன்ன எல்லாமே இருக்கின்றன: பொருள் தன் வேலையை மறைக்காது, தேவைக்கு மேல் மரம் செலவாகாது, பழுதுபார்க்க முடியும்.

செட்டிநாட்டில் பெரிய வீட்டின் காலம் முடிந்தது எப்படி என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. 1930களின் பொருளாதார மந்தத்தில், செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவில் கொடுத்த கடன்கள் திரும்பாமல் போய், அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. பணமாக இருந்த சொத்து, தூக்கிக்கொண்டு வரமுடியாத வயலாக மாறியிருந்த நேரத்தில் 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தது. விடுதலைக்குப் பிந்தைய பர்மாவின் நில நாட்டுடைமையும் 1960களின் வங்கி, வணிக நாட்டுடைமையும் மிச்சத்தை முடித்துவைத்தன. தேக்குக் கப்பல்களும் நின்றன. அதே ஆண்டுகளில் காரைக்குடியில் வேறொன்று தொடங்கியது: 1947-இல் அழகப்பர் கல்லூரி, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். சம்பளக்காரர்கள், குவார்ட்டர்ஸ், மாற்றலாகிப் போகும் அதிகாரிகள் என்று ஒரு புதிய வாழ்க்கை முறை ஊருக்குள் வந்தது. இன்னொரு பக்கம், நகரத்தார் குடும்பங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்ச் சேர்ந்தன. பூர்வீக வீடு பத்துப் பதினைந்து பங்காளிகளின் பொதுச் சொத்தாகி, முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடாயிற்று.

லெவிட்டவுன் தம்பதியருக்கு 1947-இல் இருந்த அதே கேள்வி இந்தப் பேரப்பிள்ளைகளுக்கு எழுந்தது இப்படித்தான். பூர்வீக வீட்டின் சாமான் பங்குபிரிக்கும்போது ஒருவர் பங்குக்கு நான்கு தூண் வைத்த கட்டில் வருகிறது. அண்ணா நகரில் இருப்பதோ தொள்ளாயிரம் சதுர அடி வீடு. மின்தூக்கிக்குள் போகாது, படியில் திருப்ப முடியாது, உள்ளே வந்துவிட்டால் கதவு திறக்காது. அதே பங்கில் வந்த பிரம்பு நாற்காலி எந்தச் சிக்கலும் இல்லாமல் காரின் பின்சீட்டில் ஏறிவிடுகிறது. ரசனை மாறியது என்று நாம் சொல்வதில் பாதி, வாசற்படியின் அகலத்தைப் பற்றியது.

இங்கே கால்களைப் பற்றி ஒரு சொல் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பாணியின் அடையாளமே மெலிந்து சாய்ந்த கால்கள்தாம். நாற்காலியின் காலில் அதிக விசை தாங்குவது சட்டத்தோடு சேரும் மேற்பகுதி. தரையைத் தொடும் நுனிக்கு அவ்வளவு மரம் தேவையில்லை. எனவே கீழே போகப்போகச் செதுக்கிக் குறைப்பதால் வலு குறையாது, எடைதான் குறையும். வெளிப்பக்கமாகச் சாய்த்து வைப்பதால் அடித்தளம் அகன்று, கவிழாமல் நிற்கும். கண்ணுக்கு அதன் விளைவு வேறு: இருக்கைக்கு அடியில் தரை தொடர்ந்து தெரிவதால் அறை பெரிதாகத் தோன்றுகிறது. ஆத்தங்குடித் தரை போட்ட வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் வார்த்த அந்தக் கற்களின் பூவேலை, தரைவரை இறங்கிய பெட்டிசோபாவுக்கு அடியில் அநியாயமாக மறைந்துவிடும். மெல்லிய காலுள்ள நாற்காலியின் கீழே அது முழுதாகத் தெரியும். விளக்குமாறும் தடையில்லாமல் போகும்.

மரத்தின் வரலாற்றிலும் ஒரு சந்திப்பு உண்டு. கோபன்ஹேகனில் 1897-இல் நிறுவப்பட்ட கிழக்காசியக் கம்பெனி சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) தேக்கு வணிகத்தில் வேரூன்றிய நிறுவனம். ஐம்பதுகளில் டேனிஷ் பட்டறைகளின் அடையாளமாகவே தேக்கு மாறியது. பர்மாவிலும் சயாமிலும் காட்டிலிருந்து வெட்டிய ஒரே இன மரம், ஒன்று செட்டிநாட்டில் தூணாகவும், மற்றொன்று டென்மார்க்கில் நாற்காலியாகவும் ஆனது. இயற்கையான எண்ணெய்ப்பசை இருப்பதால் தேக்கு கரையானுக்கு எளிதில் இரையாகாது; ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் முறுக்கிக்கொள்ளாது. இந்த ஒரே குணத்தை இரு ஊர்களும் இரண்டு விதமாகப் பயன்படுத்தின. செட்டிநாட்டு ஆசாரி மரத்தின் பருமனை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பில் பூவும் கிளியும் யாளியும் செதுக்கினார். டேனிஷ் வடிவமைப்பாளர் ஃபின் யூலின் 1949-ஆம் ஆண்டு 'தலைவர் நாற்காலி'யில் செதுக்கப்பட்டது உறுப்பு முழுவதுமே. கைப்பிடி ஓர் இடத்தில் அகன்று, ஒரு மூட்டில் ஒடுங்கி, உள்ளங்கை போகும் திசையிலேயே வளையும். திறமையில் இருவருக்கும் ஏற்றத்தாழ்வு கற்பிக்க நான் தயாராக இல்லை. ஆனால் கண்ணால் பார்க்கச் செதுக்கியதற்கும் கையால் தொடச் செதுக்கியதற்கும் வேறுபாடு உண்டு; அன்றாடம் புழங்குபவர்களுக்கு இரண்டாவது நெருக்கமாகிவிடுகிறது.

இந்தப் பாணியைத் தமிழ்நிலத்துக்கு முற்றிலும் வெளியே இருந்து வந்ததாக நினைப்பதும் சரியாகாது. அமெரிக்காவின் தலைசிறந்த மரவேலைக் கலைஞராகப் பின்னாளில் போற்றப்பட்ட ஜார்ஜ் நகஷிமா, கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து 1937-இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தார்; ஆசிரமத்தில் சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதிக்காக அவர் வரைந்த தேக்குச் சாமான்கள் அவருடைய தொடக்க கால வேலைகளில் முக்கியமானவை. போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஜப்பானியர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டபோது அங்கிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைத்தொழிலை ஆழமாகக் கற்றது அதற்குப் பிந்திய கதை. 1958-இல் இந்திய அரசின் அழைப்பில் ஊர் ஊராகச் சுற்றிய ஈம்ஸ் தம்பதியர், தாங்கள் கொடுத்த அறிக்கையில் இந்நாட்டில் பார்த்த மிகச் சிறந்த வடிவமாகப் பாராட்டியது நம் வீட்டுச் சொம்பை. அது தலையிலும் இடுப்பிலும் எப்படி நிற்கிறது, நிரம்பியபோதும் காலியானபோதும் எடை எங்கே விழுகிறது, ஊற்றும்போது விளிம்பு எப்படி நடந்துகொள்கிறது என்றெல்லாம் அவர்கள் வரிசையாகக் கேட்ட கேள்விகள், நாற்காலிக்கும் அப்படியே பொருந்துபவை. அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்புக் கழகம் உருவானதற்கு அந்த அறிக்கைதான் அடிப்படை.

சண்டிகரின் கதை இன்னும் நேரடியாக நம்மைத் தொடுவது. பஞ்சாபின் புதிய தலைநகரான அதன் அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் ஆயிரக்கணக்கில் சாமான்கள் தேவைப்பட்டபோது, 1951 முதல் 1965 வரை அங்கே தங்கிப் பணியாற்றிய சுவிஸ் கட்டடக்கலைஞர் பியேர் ஜன்னரேயும், யூலி சௌத்ரி முதலான இந்தியக் கட்டடக்கலைஞர்களும் சேர்ந்து, சாதாரணத் தச்சுப் பட்டறையிலும் செய்யக்கூடிய நாற்காலிகளை வரைந்தார்கள். தலைகீழ் 'வி' போன்ற தடித்த தேக்குக் கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை, முதுகு. தமிழ்நாட்டுக் கல்லூரி முதல்வர் அறையிலும் தாலுகா அலுவலகத்திலும் நம் தலைமுறை பார்த்த பிரம்பு நாற்காலிக்கு அது தூரத்துப் பங்காளிதான். உடைந்ததும் சண்டிகர் அலுவலகங்கள் அவற்றை மொட்டை மாடியில் குவித்து, கழிவு ஏலத்தில் சொற்ப விலைக்கு விற்றன. ஐரோப்பிய வணிகர்கள் வாங்கிப் போய்ச் சீர்செய்து பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஏலம் விட்டபோது ஒரு நாற்காலி பல லட்ச ரூபாய்க்குப் போயிற்று. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டபோது ஏராளமானவை வெளியேறியிருந்தன. மதிப்பு எங்கே உண்டாகிறது என்பதைக் காட்ட இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

எல்லோருக்கும் மலிவாக என்று தொடங்கியது வசதி படைத்தவர்களின் அடையாளமாக முடிந்தது இந்தப் பாணியின் பெரிய முரண். 1960 செப்டம்பரில் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்தபோது போடப்பட்டிருந்தவை வெக்னரின் நாற்காலிகள். அங்கேயே பாதை மாறத் தொடங்கிவிட்டது. அவருடைய ஒய் நாற்காலியின் இருக்கைக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றைக் கையாலேயே பின்ன வேண்டும், எனவே விலை இறங்க வழியில்லை. ஈம்ஸின் தோல் சாய்வு நாற்காலி இன்று இந்தியாவில் பல லட்சம். இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றன: அழுத்திய மரத்தூள் பலகையின்மேல் தேக்குத் தாள் ஒட்டி, நான்கு சாய்ந்த கால்களைத் திருகாணியால் மாட்டி, அதே பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். கண்டுபிடிப்பது கடினமில்லை. கவிழ்த்துப் பாருங்கள். கால் சட்டத்தோடு கழுந்தால் சேர்ந்திருக்கிறதா, தகரத் தட்டில் திருகியிருக்கிறதா? மேற்பலகையின் ரேகை விளிம்பில் கீழிறங்கித் தொடர்கிறதா, அங்கே ஒட்டுநாடா முடிகிறதா? பிரம்பு துளை வழியாகப் பின்னியதா, பின்னிய பாயாக வாங்கிக் காடியில் அழுத்திப் பசைவைத்ததா? கடைசியாகச் சொன்னது போலி என்பதற்கு அடையாளமில்லை, நல்ல பட்டறைகளும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் பழுதுபார்க்கும் செலவும் முறையும் வேறுபடும் என்பதால் தெரிந்துகொள்வது நல்லது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துச் சோபாக்களும் ஓய்வு நாற்காலிகளும் மிகத் தாழ்வானவை. மூட்டுவலியுள்ள ஆச்சி உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒருவர் வேண்டும். பழைய ரப்பர் நுரை மெத்தைகள் பொடியாக உதிர்ந்துவிடுகின்றன. முலாம் பூசிய இரும்புக் கால்கள் கடலோர ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும். சாதாரணப் பிளைவுட் மழைக்காலத்தில் ஓரம் விரிந்துவிடும். நம் சமையலறையின் பாத்திரங்களை அந்த மெல்லிய அலமாரிகள் தாங்குமா என்பதும் சந்தேகமே. ஐம்பது பேர் கூடும் படைப்பு நாளில் எந்த டேனிஷ் மேசையும் பந்திப்பாய்க்கு ஈடாகாது. அந்தப் பாணியை அப்படியே பெயர்த்து வந்து வைப்பவர்களைவிட, உள்ளூர் ஈஸிச்சேரையும் முக்காலியையும் பிரம்புப் பெஞ்சையும் எடுத்து அதே கொள்கையில் வீட்டை ஒழுங்குபடுத்துபவர்கள் புத்திசாலிகள் என்பது என் கருத்து. இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா தம் கொழும்பு வீட்டில் செட்டிநாட்டுத் தூண்களை நவீனச் சாமான்களோடு சேர்த்து வைத்தது இதற்கு முன்னுதாரணம். தூணும் நாற்காலியும் ஒரே அறையில் சண்டையிடாமல் இருக்கமுடியும் என்பதை அவர் நிரூபித்திருக்கிறார்.

செட்டிநாட்டில் இப்போது எஞ்சியிருக்கும் இந்த எளிய பொருட்களின் நிலை சற்றுச் சங்கடமானது. வீடுகளுக்கு ஒரு கவனம் கிடைத்திருக்கிறது: செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. தொல்பொருட்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1972-ஐப் பொறுத்தவரை, நூறாண்டு நிறைந்த பொருளைத்தான் அது தொல்பொருளாகக் கருதும். 1950-இல் செய்த நாற்காலிக்கு 2050 வரை அந்தக் காப்பு இல்லை. சண்டிகருக்குக் கிடைத்தது போன்ற தனி உத்தரவு காரைக்குடியின் வளவுச் சாமானுக்கு வரப்போவதும் இல்லை. பங்காளிகள் கூடிச் சாமான் பட்டியல் போடும்போது செதுக்கு வேலைக்கும் வெள்ளிக்கும் ஒவ்வொன்றாக விலை குறிக்கிறார்கள். சாதா நாற்காலிகளையும் பெஞ்சுகளையும் கொல்லைக் கொட்டகையிலிருந்து மொத்தமாக ஒரு தொகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். வண்டியில் ஏற்றிப்போகும் வியாபாரிக்கு எது எங்கே விலைபோகும் என்று நன்றாகத் தெரியும். பட்டியல் போடுவதற்கு முன் அந்தக் கொட்டகையைத் திறந்து, ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்து, மூட்டையும் பின்னலையும் பார்த்துவிட்டு, அவற்றுக்கும் தனித்தனியே விலை குறிக்கலாம்.